கறுப்புக் கோட்டும் கம்பிவழி வேலையும்

வல்லார்பாடத்திலிருந்து எர்ணாகுளம் ஹைகோர்ட்டுக்கு இன்றைக்குப் பத்து நிமிஷம்தான் (டிராஃபிக் இல்லாத நாள் என்று ஒன்று இருந்தால்!). 2004-ல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கும்வரை இந்தத் தீவுக்காரர்களுக்குக் கோர்ட்டு, ஆஸ்பத்திரி, காலேஜ் எல்லாமே படகு நேரத்தைப் பார்த்துத்தான். பாலம் இங்கே கிளம்பி, போல்காட்டியைத் தொட்டு, நேராகப் போய் இறங்குவதே ஹைகோர்ட் ஜங்ஷனில். காலை ஒன்பதரை மணிக்குக் கறுப்புக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் பறக்கும் ஜூனியர் வக்கீல்களை அங்கே பார்க்கலாம்.

2020 மார்ச் 30-ம் தேதி அந்தப் பாலத்தில் ஸ்கூட்டரும் இல்லை, கோட்டும் இல்லை. ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அன்று கேரள ஹைகோர்ட் நீதிபதிகள் தங்கள் வீட்டிலிருந்தே வீடியோ மூலம் வழக்குகளைக் கேட்டார்கள். வெளியார் யாரும் பார்க்கலாம் என்று நேரடி ஒளிபரப்பும் உண்டு. வக்கீல்கள் அவரவர் வீட்டு அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து வாதாடினார்கள். சட்டத்தொழில் என்றாலே நேரில் நின்று பேசுவது என்று நூறு வருஷமாக நம்பியிருந்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி.

பேங்க்காரனுக்கு எதற்கு வக்கீல் கதை என்று கேட்பீர்கள். லோன் டிபார்ட்மென்ட்டில் இருப்பவனுக்கு நாளில் பாதி வக்கீல்களோடுதான் போகிறது. பத்திரத்துக்கு லீகல் ஒப்பீனியன், வில்லங்கம் பார்ப்பது, வராக்கடனுக்கு சர்ஃபேசி நோட்டீஸ் என்று எதற்கும் அவர்கள் வேண்டும். அதைவிட முக்கியமான காரணம், துபாயிலிருந்து ஒரு வாசக நண்பர் எழுதிய கடிதம். அவர் மகள் மும்பையில் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றில் மூன்றாவது வருஷ அசோசியேட். வாரத்தில் நாலு நாள் ஆபீசுக்கு வந்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். வேறொரு சின்ன நிறுவனம், "முழுக்க வீட்டிலிருந்தே செய், சம்பளம் மட்டும் கொஞ்சம் குறைவு" என்கிறதாம். எதை எடுப்பது? நண்பர் என்னிடம் கேட்டது வட்டிக் கணக்குப் போடுவான் என்ற நம்பிக்கையில். எனக்கோ கணக்கைவிட இதன் பூர்வீகம்தான் சுவாரசியமாகப் பட்டது. ஆகவே இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெரிய சட்ட நிறுவனம் என்ற அமைப்பே ஆட்கள் போவதற்காகக் கட்டப்பட்டது. நியூயார்க்கில் பால் க்ராவத் என்ற வக்கீல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் நிறுவனத்தில் ஒரு முறையைக் கொண்டுவந்தார். நல்ல சட்டக் கல்லூரிகளில் முதல் வரிசைப் பையன்களை (அப்போது பையன்கள் மட்டும்தான்) படிப்பு முடிந்த கையோடு எடுப்பது, சம்பளம் கொடுத்துப் பயிற்சி தருவது, சில வருஷம் கழித்துச் சிலரை மட்டும் பார்ட்னர் ஆக்குவது, மற்றவர்களை வழியனுப்புவது. மேலே ஏறு, இல்லையென்றால் வெளியே போ. பிறகு அமெரிக்காவிலும் மற்ற நாடுகளிலும் பெரிய நிறுவனங்கள் இதையே பிடித்துக்கொண்டன.

பி.காம் மூளைக்கு இது உடனே புரியும். ஒரு பார்ட்னருக்குக் கீழே நாலைந்து அசோசியேட்டுகள். அவர்களுடைய ஒவ்வொரு மணிநேரமும் கட்சிக்காரருக்கு பில் போகிறது. பில்லுக்கும் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம் பார்ட்னர்களின் லாபம். அடித்தட்டில் பத்துப் பேர் வந்தால் உச்சியில் ஓரிருவருக்குத்தான் இடம். எல்லோரும் நின்றுவிட்டால் கூம்பு உருளையாகிவிடும், கணக்கு உதைக்கும். ஆக, ஆள் போவது இந்த நிறுவனங்களுக்கு நோய் அல்ல. நேரம் தவறிப் போவதுதான் நோய். முதல் இரண்டு வருஷம் பயிற்சிச் செலவு. மூன்றிலிருந்து ஆறு வரைதான் அந்த ஆள் சம்பாதித்துக் கொடுக்கும் காலம். சரியாக அந்தக் கட்டத்தில் எழுந்து போனால் நிறுவனத்துக்கு வலிக்கும்.

வலிக்கும்போதெல்லாம் அவர்கள் தடவிய மருந்து பணம். 1968-ல் அதே க்ராவத் நிறுவனம் புதியவர்களின் ஆண்டுச் சம்பளத்தை 10,500 டாலரிலிருந்து ஒரே தாவலில் 15,000 டாலருக்கு ஏற்றியது. மற்றவர்களும் வேறு வழியின்றி ஏற்றினார்கள். ஒருவர் ஏற்ற எல்லோரும் ஏற்றும் அந்த ஆட்டம் இன்றுவரை ஓயவில்லை.

நம்ம ஊர்ப் பக்கம் கதை முற்றிலும் வேறு. வீட்டிலிருந்து வேலை என்பதை ஏதோ 2020-ல் கண்டுபிடித்த மாதிரிப் பேசுகிறார்கள். மெட்ராஸ் வக்கீல்களுக்கு அது பரம்பரை வழக்கம். மயிலாப்பூரில் பெரிய வக்கீல் வீடு என்றால் முன்கட்டு ஆபீஸ், பின்கட்டு குடும்பம். சுவர் முழுக்கத் தோல் பைண்டு புத்தகம். விடியற்காலையில் கட்சிக்காரர்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். ஜூனியர்கள் அதற்கும் முன்னால் வந்து கேஸ் கட்டைப் பிரித்து வைத்திருக்க வேண்டும். சாயங்காலம் கோர்ட்டு முடிந்ததும் மறுபடி அதே வீடு, மறுநாள் வழக்குக்கான கான்ஃபரன்ஸ். சீனியருக்கு வீட்டிலிருந்து வேலை; ஜூனியருக்கு சீனியர் வீட்டிலிருந்து வேலை!

(ஒரு கிளைக்கதை. 1906-ல் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி மெட்ராஸில் பல குடும்பங்களின் சேமிப்பு கரைந்தபோது, நாமே ஒரு வங்கி தொடங்குவோம் என்று முன்னால் நின்றவர் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது அப்படி. எங்கள் தொழிலுக்கு அந்த முன்கட்டு ஆபீஸ்களோடு பழைய உறவு உண்டு என்பதற்காகச் சொன்னேன்.)

அந்த ஜூனியருக்குச் சம்பளம் என்ன? பெரும்பாலும் ஒன்றுமில்லை, அல்லது வண்டிச்சத்தம் அளவுக்கு ஏதோ. ஆனாலும் வருஷக்கணக்கில் நின்றார்கள். ஏன் என்று யோசித்தால் இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, சீனியர் கட்சிக்காரரிடம் என்ன கேட்கிறார், எதைக் கேட்காமல் விடுகிறார், எதிர்த்தரப்பு வக்கீலோடு வராந்தாவில் எப்படிச் சிரித்துப் பேசுகிறார் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பக்கத்தில் நின்றால்தான் கிடைக்கும். இரண்டு, சீனியர் ஜட்ஜாகப் போனாலோ ஓய்வு பெற்றாலோ கேஸ் கட்டுகளில் ஒரு பங்கு தன் பக்கம் சாயும் என்ற எதிர்பார்ப்பு.

இதை நான் புனிதப்படுத்த விரும்பவில்லை. சம்பளமில்லாமல் மூன்று வருஷம் நிற்க எந்த வீட்டுப் பிள்ளையால் முடியும்? அப்பாவோ மாமனாரோ தாங்கக்கூடிய வீட்டுப் பிள்ளையால்தான். முதல் தலைமுறையாகப் படித்து வந்த எத்தனை பேர் இந்த இடத்தில் தொழிலை விட்டுப் போயிருப்பார்கள் என்பதற்குக் கணக்குப் புத்தகம் கிடையாது. 2024 ஜூனில்தான் சென்னை ஹைகோர்ட் இதில் கைவைத்தது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் என்று உதவித்தொகை தரவேண்டும் என்றது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு பழக்கத்துக்கு இப்போதுதான் விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

சரி, கம்பிவழி வேலைக்கு வருவோம். சட்ட வேலை தூரதேசத்துக்குப் போனது கோவிட்டுக்கு ரொம்ப முன்னாலேயே. 1995-ல் டல்லாஸைச் சேர்ந்த பிக்கல் அண்ட் ப்ரூவர் என்ற நிறுவனம் ஹைதராபாத்தில் ஒரு கிளை போட்டு, வழக்கு ஆவணங்களைப் படித்துச் சுருக்கி அட்டவணை போடும் வேலையை இங்கே அனுப்பியது. 2000-ல் பேக்கர் மெக்கன்சி மணிலாவில் ஒரு சேவை மையம் வைத்தது. நம்ம சென்னையில் 1999-ல் தொடங்கிய ஆபீஸ் டைகரை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வால் ஸ்ட்ரீட் வங்கிகளுக்கும் சட்ட நிறுவனங்களுக்கும் ராத்திரியோடு ராத்திரியாக ஆவணம் தயாரித்துக் கொடுத்தார்கள். 2006-ல் ஆர்.ஆர். டானலி என்ற அமெரிக்க நிறுவனம் அதை வாங்கியது. மும்பையில் 2004-ல் பாஞ்சியா3. அதை 2010-ல் தாம்சன் ராய்ட்டர்ஸும், அவர்களிடமிருந்து 2019-ல் எர்னஸ்ட் அண்ட் யங்கும் வாங்கினார்கள். நியூயார்க்கில் சாயங்காலம் கட்டைக் கொடுத்துவிட்டுத் தூங்கினால், காலையில் மேஜை மேல் வேலை முடிந்திருக்கும். 2008-ல் அமெரிக்க வக்கீல் சங்கமும், தகுதியான ஆளாக இருக்கட்டும், ஒழுங்காக மேற்பார்வை செய்யுங்கள், அப்படியானால் வெளியே கொடுக்கலாம் என்று கருத்துச் சொல்லிவிட்டது.

நம் பிள்ளைகளுக்கு அது நல்ல சம்பளம். சீனியர் வீட்டுத் திண்ணையில் கிடைக்காத காசு, ஏசி ஆபீஸ், வீட்டு வாசலுக்கே கேப். ஆனாலும் அங்கே ஆள் நிற்கவில்லை. கால் சென்டர்களைப் போலவே இங்கும் வருவதும் போவதுமாகவே இருந்தது. ராத்திரி ஷிஃப்ட் ஒரு காரணம். அலுப்பு இன்னொன்று: நாள் முழுக்க அடுத்தவர் மின்னஞ்சலைப் படித்து "சம்பந்தம் உண்டு, இல்லை" என்று டிக் அடிப்பதற்கா ஐந்து வருஷம் சட்டம் படித்தோம் என்று தோன்றாமல் இருக்குமா?

இவற்றைவிட ஆழமான ஒரு காரணம் நம் விதிகளிலேயே இருக்கிறது. பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதிகளில் 49-வது விதி, முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வக்கீலாகத் தொழில் செய்யக்கூடாது என்கிறது. அவுட்சோர்சிங் கம்பெனியில் சேரும் பட்டதாரி பார் கவுன்சில் பதிவை நிறுத்தி வைக்க வேண்டும். அங்கே ஐந்து வருஷம் உழைத்தாலும் அது வக்கீல் அனுபவமாகச் சேராது. நியூயார்க் நிறுவனத்தில் பார்ட்னர் ஆகும் வாய்ப்போ அறவே இல்லை. அந்தப் பக்கமும் ஏணி இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. வேலை மட்டும் கம்பியில் வந்தது, ஏணி கூட வரவில்லை. இது எனக்கு ரொம்ப முக்கியமான இடமாகத் தெரிகிறது. தூரம் மட்டும் ஆளைத் துரத்துவதில்லை. தூரத்தில் இருக்கும்போது மேலே போகும் வழி கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் துரத்துகிறது.

இந்த விவகாரம் கோர்ட்டுக்கும் போனது, அதுவும் சென்னையில். 2010-ல் ஏ.கே. பாலாஜி என்ற வக்கீல், முப்பதுக்கும் மேற்பட்ட வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்களையும் ஒரு அவுட்சோர்சிங் கம்பெனியையும் எதிர்த்து வழக்குப் போட்டார். இவர்கள் இந்தியாவில் மறைமுகமாகச் சட்டத்தொழில் செய்கிறார்கள் என்பது அவர் வாதம். 2012 பிப்ரவரியில் சென்னை ஹைகோர்ட், வெளிநாட்டு வக்கீல் தங்கள் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்ல வந்துவிட்டுப் போகலாம், ஆபீஸ் வைத்துத் தொழில் செய்யக்கூடாது, அவுட்சோர்சிங் வேலை அட்வகேட்ஸ் சட்டத்துக்குள் வராது என்றது. 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் இதைச் சற்றே இறுக்கியது. வந்து போவது எப்போதாவதுதான் இருக்கவேண்டும். அவுட்சோர்சிங் என்று பெயர் வைத்தாலும் சாராம்சத்தில் அது சட்டத்தொழில் என்றால் சட்டம் பொருந்தும் என்று சொன்னது. அப்புறம் 2023-ல் பார் கவுன்சிலே, கோர்ட்டுக்கு வராத வேலைகளுக்கு மட்டும், பரஸ்பர அடிப்படையில் வெளிநாட்டு நிறுவனங்களை அனுமதிக்கும் விதிகளைக் கொண்டுவந்து, 2025-ல் திருத்தியது.

இதற்கிடையில் அமெரிக்க நிறுவனங்களுக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. 2002-ல் ஆரிக் என்ற சான்பிரான்சிஸ்கோ நிறுவனம் மேற்கு வர்ஜீனியாவில் வீலிங் என்ற பழைய தொழிற்சாலை ஊரில் ஒரு மையம் திறந்தது. ஆலைகள் மூடி இளைஞர்கள் வெளியேறிக்கொண்டிருந்த ஊர். சொந்த ஊரிலேயே, அம்மா அப்பா பக்கத்திலேயே, மரியாதையான வேலை என்றால் யார் விடுவார்கள்? 2011-ல் லண்டன் நிறுவனங்கள் சில இதே காரணத்துக்காக பெல்ஃபாஸ்ட்டுக்குப் போயின. தலைமையகத்திலிருந்து தூரமான வேலைதான். ஆனால் ஆளுக்கு அது வீட்டுக்குப் பக்கம். கும்பகோணத்திலேயே ஒரு மையம் திறந்திருந்தால் நம்மில் பாதிப் பேர் இப்படி ஊர் ஊராய் அலையாமல் இருந்திருப்போமோ என்னவோ!

பிறகு 2020. எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். முதல் வருஷம் பயத்தில் யாரும் அசையவில்லை. 2021-ல் மடை திறந்துவிட்டது. கம்பெனி வாங்கல், விற்றல் வேலை கொட்டோ கொட்டென்று கொட்டியது, ஆள் போதவில்லை. வீட்டில் உட்கார்ந்தபடியே, யாருக்கும் தெரியாமல், வீடியோவில் இன்டர்வியூ முடித்துவிட்டு மறுநாள் காலை வேறு நிறுவனத்துக்கு அதே மேஜையில் வேலை செய்யலாம். லேப்டாப் மட்டும் மாறும். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் தாம்சன் ராய்ட்டர்ஸும் சேர்ந்து வெளியிட்ட 2022 அறிக்கைப்படி, 2021 நவம்பர் வரையான ஒரு வருஷத்தில் நிறுவனங்கள் 23.2 சதவீத அசோசியேட்டுகளை இழந்திருந்தன. ஏறக்குறைய நாலில் ஒருவர்!

மருந்து? பழையதேதான். புதியவருக்கான ஆண்டுச் சம்பளம் 1,90,000 டாலராக இருந்தது, 2021 கோடையில் 2,05,000, 2022-ல் 2,15,000, 2023 நவம்பரில் 2,25,000 என்று ஏறியது. இந்தத் தடவை பணத்தோடு இன்னொரு நாணயமும் புழக்கத்துக்கு வந்தது, இடம். 2021 டிசம்பரில் க்வின் இமானுவல் நிறுவனம் தன் அமெரிக்க வக்கீல்களிடம் எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யுங்கள் என்றது. லண்டனில் ஸ்டீஃபன்சன் ஹார்வுட் 2022-ல், முழுக்க வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் சம்பளத்தில் 20 சதவீதம் குறையும் என்றது. அந்த அறிவிப்பைப் படித்ததும் ஒரு பேங்க்காரனாக எனக்குச் சந்தோஷம். எல்லோரும் "சுதந்திரம், கலாசாரம்" என்று பூசி மெழுகிக்கொண்டிருந்தபோது ஒருவர் வீட்டுக்கு விலை சொல்லிவிட்டார் இல்லையா? பலன் பலருக்குக் கோபம்தான். அதே வேலை, அதே மணி, எதற்குக் குறைப்பு என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

2023-ல் வேலை குறைந்ததும் குரல் மாறியது. நாலு நாள் வா என்றன நியூயார்க் நிறுவனங்கள். டேவிஸ் போல்க் போன்றவர்கள் வருகைக்கும் போனஸுக்கும் முடிச்சுப் போட்டார்கள். நண்பரின் மகளுக்கு மும்பையில் வந்த உத்தரவும் இந்தக் காற்றில் வந்ததே.

உண்மையில் வீட்டிலிருந்து வேலை ஆளை நிறுத்துகிறதா? ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்லும் விஷயத்தில் சீனாவில் இரண்டு தடவை சோதித்தே பார்த்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே பயண நிறுவனத்தில். அப்போது அதன் பெயர் சீட்ரிப், இப்போது ட்ரிப்.காம். ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் ப்ளூம் இரண்டு ஆய்விலும் இருந்தார்.

முதலாவது 2010 டிசம்பரில் தொடங்கி ஒன்பது மாதம், ஷாங்காய் கால் சென்டர் ஊழியர்கள் மீது. விருப்பம் தெரிவித்தவர்களில் குலுக்கல் முறையில் பாதிப் பேர் நாலு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். வேலை 13 சதவீதம் கூடியது. விட்டுப்போனவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். ஆஹா என்று கைதட்டுவதற்கு முன்னால் அடுத்த வரி: செய்த வேலையின் அளவோடு ஒப்பிட்டால், வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. கண்ணுக்குத் தெரியாதவன் பெயர் வாயில் வராது. சோதனை முடிந்து, யார் எங்கே வேண்டுமானாலும் மறுபடி தேர்ந்தெடுக்கலாம் என்றபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் மனம் மாறினார்கள். தனிமை தாங்கவில்லை என்று ஆபீசுக்குத் திரும்பியவர்களும் அதில் உண்டு.

இரண்டாவது 2021-22-ல், 1,612 பட்டதாரி ஊழியர்கள். இந்தத் தடவை வீட்டில் இரண்டு நாள், ஆபீசில் மூன்று நாள். 2024-ல் நேச்சர் இதழில் முடிவு வந்தது. விட்டுப்போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதுவும் குறிப்பாகப் பெண்கள், மேனேஜர் அல்லாதவர்கள், வெகுதூரம் பயணிப்பவர்கள் மத்தியில். பதவி உயர்விலோ வேலைத் தரத்திலோ வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. சோதனைக்கு முன் உற்பத்தி குறையும் என்று கணித்த மேனேஜர்கள், முடிந்தபின் சற்றே கூடும் என்று மாற்றிக்கொண்டார்கள். மேனேஜர்கள் மனம் மாறியதுதான் எனக்கு ஆச்சரியம் :-)

கால் சென்டரும் சட்ட நிறுவனமும் ஒன்றல்ல என்று வாதிக்கலாம். சரிதான். வக்கீல் வேலையில் பக்கத்தில் இருப்பதற்கு இன்னும் மதிப்பு அதிகம். இதற்கு மட்டாஞ்சேரியிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ஜூ டவுனில் 1957-ல் தொடங்கிய இந்திய மிளகு வர்த்தக சங்கத்தின் முன்பேரச் சந்தை. நடுவில் ஒரு வளையம், சுற்றிலும் ஃபோன் வைத்த சின்னச் சின்ன அறைகள். பம்பாய்க்கும் லண்டனுக்கும் பேசிக்கொண்டே தரகர்கள் கூச்சல் போட்டு விலை சொல்வார்கள். 2000-களின் முற்பாதியில் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனது. கூச்சல் நின்றது. வியாபாரம் அதனால் நிற்கவில்லை. திரையில் விலை இன்னும் துல்லியம். ஆனால் அப்பாவுக்கோ மாமாவுக்கோ ஃபோன் எடுத்துக் கொடுத்துக்கொண்டு அந்தக் கூடத்தில் நிற்கும் பையன் எதைக் கேட்டிருப்பான்? எந்தக் குரல் நிஜமாக வாங்கப் போகிறது, எது சும்மா விலையை ஏற்றிப் பார்க்கிறது என்பதை. திரையில் குரல் கிடையாது, எண்தான். மிளகைப் பற்றி ஏற்கெனவே தெரிந்தவனுக்கு எண் போதும். புதிதாக வருபவனுக்குப் போதாது.

சட்ட நிறுவனத்திலும் அதே பிரிவினைதான் என்பது என் எண்ணம். முதல் மூன்று வருஷக்காரருக்கு வீட்டிலிருந்து வேலை ஒரு சலுகை மாதிரித் தெரியும். டிராஃப்ட் அனுப்பினால் சிவப்புக் கோடுகளோடு திரும்பி வரும். ஏன் சிவப்பு என்று யாரும் உட்கார்ந்து சொல்ல மாட்டார்கள். மேலே இருப்பவருக்கு நேரமில்லை என்பதல்ல; பக்கத்தில் இருந்தால் இரண்டு நிமிஷத்தில் சொல்லக்கூடியதற்கு ஒரு வீடியோ மீட்டிங் வைக்க வேண்டியிருக்கிறது, அதனால் சொல்வதில்லை. கற்பது நின்றால் ஒட்டுதலும் போகும். பிறகு பத்தாயிரம் டாலர் கூடக் கொடுப்பவன் பின்னால் போகத் தயக்கம் எதற்கு?

ஆறாவது ஏழாவது வருஷக்காரர் விஷயம் தலைகீழ். தொழில் கைவந்துவிட்டது, கட்சிக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். வீட்டில் கைக்குழந்தை, அல்லது வயதான மாமியார். பெரிய நிறுவனங்கள் பெண்களை இழப்பது அதிகமும் இந்த இடத்தில்தான். அவர்களுக்கு இரண்டு மூன்று நாள் வீடு என்பது, வேலையில் இருப்பதா விடுவதா என்ற கேள்விக்கே பதில். இந்த இருவருக்கும் ஒரே உத்தரவு போடுகிற நிறுவனம் இரண்டு பக்கமும் இழக்கும்.

நண்பருக்கு இதைத்தான் எழுதினேன். மூன்றாவது வருஷம் என்றால் இன்னும் ஒன்றிரண்டு வருஷம் நாலு நாள் போகட்டும், ஆனால் அந்த நாலு நாளும் பார்ட்னர் ஆபீசில் இருக்கிறாரா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பார்ட்னர் லோனாவாலா பண்ணை வீட்டிலிருந்து வீடியோவில் பேச, ஜூனியர் மட்டும் ஆபீஸ் நாற்காலியைத் தேய்ப்பதாக இருந்தால் சின்ன நிறுவனமே மேல். சம்பளக் குறைப்பைப் பொறுத்தவரை, மும்பை வாடகையையும் பயணத்தையும் கழித்துவிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஏணி இருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. முழுக்க வீட்டிலிருந்து வேலை செய்து அந்த நிறுவனத்தில் பார்ட்னர் ஆனவர் ஒருவராவது உண்டா என்று இன்டர்வியூவில் கேட்டுப்பார்க்கட்டும். கேட்பதற்குக் காசு இல்லை.

நம்ம பக்கத்துக் கோர்ட்டுகள் இதற்குள் எங்கேயோ போய்விட்டன. எந்த ஹைகோர்ட்டும் வீடியோ வழி விசாரணையை மறுக்கக்கூடாது என்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2024 நவம்பர் 20-ல் கொல்லத்தில் இருபத்துநாலு மணிநேர ஆன்லைன் கோர்ட் ஒன்று வேலையைத் தொடங்கியது. செக் திரும்பிய வழக்குகளுக்கு மட்டும், அதாவது எங்கள் பேங்க்காரர்களின் பரம்பரைச் சொத்தான 138-வது பிரிவு. ராத்திரி இரண்டு மணிக்குக்கூட மனு போடலாம். கட்சிக்காரரோ வக்கீலோ கோர்ட்டுப் படி ஏற வேண்டியதில்லை.

எங்கள் பேனல் வக்கீல் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், ஹைகோர்ட் ஜங்ஷன் பக்கம் ஆபீஸ். வீடியோ விசாரணை வந்த பிறகு எல்லோரும் ஜூனியர்களை வீட்டிலிருந்தே பார்க்கச் சொன்னபோது இவர் மட்டும் தன் அறையில் பெரிய டிவி ஒன்றை மாட்டினார். வழக்கு திரையில் நடக்கும். ஜூனியர்கள் மூன்று பேரும் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். எதிர்த்தரப்பு பேசும்போது இவர் மைக்கை அணைத்துவிட்டு, "இப்ப பாரு, தேதி கேக்கப் போறான்" என்பார் மலையாளத்தில். அவனும் கேட்பான். ஒரு மணிக்கு எல்லோரும் சேர்ந்து கீழே மீன்கறிச் சாப்பாட்டுக்குப் போவார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் யாரும் வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அதில் ஒரு பெண் வைப்பினிலிருந்து வருகிறார், கைக்குழந்தைக்காரி. அவருக்குப் புதன்கிழமையும் வீடுதான்.